மூன்று முறை வந்தவர்களின் பட்டியல்

பேனா நின்ற இடம்

பதிவேட்டில் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியவன், போகாமல் நின்றேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். தோஹா தொழில்பேட்டையில் எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் கிளினிக். கிளினிக் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரப் பெட்டி மாதிரி ஒரு போர்ட்டா கேபின், அதற்குள் ஒரு கட்டில், பச்சைத் திரை, மருந்து அலமாரி, தடதடவென்று ஆடும் ஜன்னல் ஏ.சி. வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் ஸ்டெல்லா சிஸ்டரும் நானும்தான். அவர் மார்த்தாண்டத்துக்காரர். நான் திருச்சி. எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடித்துவிட்டு கிளினிக் கிளார்க்காக வந்தவன். அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதை இந்தத் தொடரில் போன வாரமே சொல்லிவிட்டேன்.

அன்று நான் எழுதிக்கொண்டிருந்தது இறந்தவர்களின் பதிவேடு. யாராவது இறந்துபோனால், உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களின் நகல் எங்களிடம் வரும். பெயர், வயது, ஊர், வேலை, காரணம் என்று ஐந்து கட்டங்கள். அன்றைக்கு வந்த நகல் ஒரு தெலுங்கு பெயிண்டருடையது. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். காரணம்: இதயச் செயலிழப்பு, இயற்கை மரணம்.

அதற்கு மேல் வரியிலும் அதே காரணம்தான். ஆகவே சோம்பேறித்தனமாக, ‘மேற்படி’ என்று காட்ட இரண்டு சின்னக் கோடுகள் போடுவோமே, அதைப் போட்டேன். போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. மேல் வரியிலும் எனக்கு முன்னால் இருந்தவர் அதே இரண்டு கோடுகளைத்தான் போட்டிருந்தார். அதற்கு மேலும் அதுவே. பக்கத்தைப் புரட்டினேன். அங்கும் கட்டத்தின் உச்சியில் ஒரே ஒரு முறை காரணம் எழுதப்பட்டிருந்தது. கீழே வரிசையாகச் சின்னக் கோடுகள், எறும்பு ஊர்ந்ததுபோல.

“எடே, என்ன அப்படியே இருந்துட்ட?” என்றார் சிஸ்டர்.

“சிஸ்டர், எல்லாருக்குமா இதயம் தானா நின்னுபோகும்?”

“நின்னாத்தானடே சாவு” என்று சொல்லிவிட்டு அவர் தெர்மாமீட்டரை உதறினார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தால் இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தேன்.

ஜுரம், ஜுரம், ஜுரம்

கடைசி வருடப் புராஜெக்டுக்காகச் சென்னையில் ஒரு பழைய ஆவண அறையில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். மூக்கை அடைக்கும் தூசி. தொட்டால் உதிரும் காகிதம். நூறு வருடத்துக்கு முந்தைய வடசென்னைப் பகுதி ஒன்றின் பிறப்பு, இறப்புப் பதிவுகள் அவை. மற்ற மாணவர்கள் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருந்தபோது நான் மட்டும் செத்துப்போனவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். “எமதர்மன் ஆபீஸ்ல அப்ரென்டிஸ்” என்று வகுப்பில் பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பதிவேட்டிலும் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரே சொல்தான். ஜுரம். மலேரியாவும் ஜுரம். டைபாய்டும் ஜுரம். பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்டு இறந்ததும் ஜுரம். காரணத்தைத் தேட நேரம் இல்லாதபோதும், தேட மனம் இல்லாதபோதும் எழுதப்படும் சொல் அது.

ஆனால் ஒரு இன்ஸ்பெக்டர் மட்டும், பெயர்கூடச் சரியாகப் படிக்க முடியவில்லை, ஓரத்தில் பென்சிலால் வேறு ஒன்றைக் குறித்துக்கொண்டே வந்திருந்தார். தெரு. கதவு எண். எந்தக் கிணற்றுத் தண்ணீர். வெறும் கிறுக்கல்தான். ஆனால் ஒரு வருடத்துக் கிறுக்கல்களை நான் ஒரு தாளில் சேர்த்து எழுதிப் பார்த்தபோது, ஜுரம் என்ற சொல் உடைந்து, இரண்டே இரண்டு கிணறுகளைச் சுற்றித் தெருக்கள் கறுத்து நின்றன.

அவரிடம் இருந்தது ஒரு பென்சில். என்னிடம் ஒரு கம்ப்யூட்டர். தொழில்பேட்டையின் தெருக்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, எல்லாமே நம்பர்தான். எண்ணிக்கைக்காரனுக்கு இதைவிட வசதியான ஊர் எது? அந்தக் காலையில், அந்தப் போர்ட்டா கேபினில், நான் அப்படித்தான் யோசித்தேன். துள்ளிக்கொண்டிருந்தேன் என்றே சொல்லலாம்.

காலண்டரின் பின்பக்கம்

ஒரு பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் கேம்ப்பை வரைந்தேன். அறை எண்கள், மெஸ், குளியலறை, பஸ் நிற்கும் இடம். அதன் பக்கத்தில் எங்கள் ஆட்கள் வேலை செய்த இரண்டு சைட்டுகள். ஒன்று, குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் சைட். இன்னொன்று, உயர்ந்துகொண்டே போன ஒரு டவர்.

இந்த இரண்டு சைட்டிலும் இறந்தவர்கள் மிகச் சிலர். சிலரை வைத்து விகிதம் போட்டால் ஏமாந்துபோவோம் என்று எனக்குத் தெரியும். அதனால் நோயாளிகளையும் எடுத்துக்கொண்டேன். மயக்கம், தலைசுற்றல், வாந்தி, கால் வீக்கம், இடுப்பு வலி. ஒவ்வொருவரும் எந்த சைட், என்ன வேலை, எந்த அறை, எத்தனையாவது முறை வருகிறார். ஒவ்வொரு சைட்டிலும் மொத்தம் எத்தனை பேர் என்பதை டைம் கீப்பரிடம் டீ வாங்கிக்கொடுத்துத் தெரிந்துகொண்டேன். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று தெரியாமல் போடும் எந்தக் கணக்கும் பொய்.

முடிவு என்னைக் குழப்பியது. வெட்டவெளியில் பள்ளம் தோண்டுகிறவர்கள்தான் அதிகம் விழுவார்கள் என்று நினைத்திருந்தேன். விழவில்லை. டவர் ஆட்கள்தான் மீண்டும் மீண்டும் வந்தார்கள். அதிலும் மேல்மாடிகளில் பலகை அடிக்கும் ஷட்டரிங் ஆட்கள்.

“அங்கதான் காத்து வரும், நிழல் கிடைக்கும். அங்க ஏன் சிஸ்டர்?”

“எனக்கு ஊசி போடத் தெரியும். நீதான படிச்சவன்.”

படித்தவன் ஒன்று செய்தேன். மூன்றாவது முறை வருகிறவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டேன். இவர்களைத்தான் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும், இவர்களுக்குத்தான் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பது என் எண்ணம். பழைய இன்ஸ்பெக்டர் கதவு எண்ணோடு நிறுத்தியிருந்தார். நான் நிறுத்தவில்லை. பட்டியல் முழுமையாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொருவரின் பெயரையும் கம்பெனி ஐடி நம்பரையும் சேர்த்தேன்.

மேனேஜரின் பாராட்டு

கம்பெனி மேனேஜர் சீனிவாசன் சார் மாம்பலத்துக்காரர். நகருக்குள் குடும்பத்தோடு இருந்தார். கெட்டவர் இல்லை. பண்டிகைக்கு எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுச் சாப்பாடு போடுவார். அவர் பிள்ளைகள் எங்களிடம் இங்கிலீஷில் நலம் விசாரிக்கும்.

ஒரு வியாழக்கிழமை அவர் மேஜையில் என் பிரிண்ட் அவுட்டை வைத்தேன். கலர் கலராக வரைபடம். பின்னால் மூன்று முறை வந்தவர்களின் பட்டியல். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இதெல்லாம் நீயே பண்ணதா? யாரும் சொல்லாமலா?”

“ஆமா சார். இவங்களுக்கு பிளட் டெஸ்ட் எடுத்தா, முன்கூட்டியே பிடிச்சிரலாம் சார்.”

“ரொம்ப யூஸ்ஃபுல்பா. கிளார்க் வேலைக்கு வந்த பையன் செய்யற வேலையா இது!” என்று தோளில் தட்டினார்.

அறைக்கு வந்து அன்றைக்குக் கூடுதலாக ஒரு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். இந்த மாதிரி அற்ப விஷயங்கள்தான் ஏனோ மறக்க மாட்டேன் என்கின்றன.

அடுத்த வாரம் பட்டியலில் இருந்த மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கு என்றுதான் நினைத்தேன். ‘மெடிக்கலி அன்ஃபிட்’ என்று விசாவை கேன்சல் செய்து, நான்கே நாளில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஓடிப்போய்க் கேட்டேன். சீனிவாசன் சார் கோபப்படவில்லை. “உடம்பு முடியாதவன் இந்த வெயில்ல எதுக்குப்பா கஷ்டப்படணும்? குடும்பத்தோட இருக்கட்டும். இங்க ஒண்ணு ஆயிடுத்துன்னா யார் பதில் சொல்றது? உன் லிஸ்ட் இல்லேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார்.

நன்றி சொல்லும் குரலில்தான் சொன்னார்.

கீழே இறங்கிய கோடு

அந்த மாதம் என் வரைபடத்தில் கோடு இறங்கியது. அதற்கடுத்த மாதம் இன்னும் இறங்கியது. மயக்கம் குறைந்தது. கால் வீக்கம் அநேகமாக இல்லை. டவர் சைட்டுக்கும் பள்ளத்துக்கும் இருந்த வித்தியாசமே மறைந்துபோனது.

வெட்கத்தோடு எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று பேர் போனது வருத்தம்தான், ஆனாலும் ஏதோ நல்லது நடக்கிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து வெளியே காட்டினார். வழக்கமாகப் பத்து, பதினைந்து பேர் குந்தியிருக்கும் நிழலில் ஒருவர்கூட இல்லை.

“நோயாடே கொறஞ்சுது? ஆளுல்லா வராம இருக்கான். மூணாந்தரம் வந்தா பிளேன்ல ஏத்திருவாங்கன்னு கேம்ப் பூரா தெரியும். உனக்கு மட்டும் தெரியாது, கேட்டியா?”

நான் காகிதத்தை மடித்தேன்.

“அந்த அரியலூர்க்காரன், காத்தமுத்து. ரெண்டு தரம் வந்தான். ரெண்டாந்தரம் கால அமுக்கிப் பாத்தேன், குழி விழுந்து அப்படியே நின்னுது. டாக்டர் வர்ற நாள் வாடேன்னு சொல்லிவிட்டேன். வந்தானா? இல்லியே.”

பதிவேட்டைப் புரட்டினேன். காத்தமுத்து, ஷட்டரிங் கார்பென்டர், டவர் சைட், பதினாறாம் நம்பர் அறை. வருகை: இரண்டு. அதற்குப் பின் ஏழு வாரமாக ஒன்றும் இல்லை. என் கணக்கில் அவர் குணமானவர்.

பதினாறாம் நம்பர் அறை

வெள்ளிக்கிழமை, சமையல் நேரம். அறைக்குள் சாம்பார் கொதிக்கும் வாசனையும் ஈரத்துணி வாசனையும். கீழ்க் கட்டிலில் காத்தமுத்து சாய்ந்திருந்தார். லீவு நாளில், அறைக்குள், ஷூ போட்டிருந்தார்.

“என்னண்ணே, ஷூவோட படுத்திருக்கீங்க?”

“பாலீஷ் போட்டேன் தம்பி. அழகு பாக்குறேன்.” மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முகம் ஊதிப்போய், கண் சிறுத்திருந்தது.

“கழட்டுங்கண்ணே.”

“வாணாம் தம்பி. கழட்டுனா நாளைக்குத் திரும்ப ஏறாது.”

அறையில் சிரிப்பு நின்றது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலைநிமிராமல் சொன்னார்: “லிஸ்ட் எடுக்க வந்திருக்காரு. எல்லாரும் காலை உள்ள இழுத்துக்குங்க.”

அது நியாயம்தான். தரையில் உட்கார்ந்தேன்.

“இனிமே எழுத மாட்டேண்ணே. சிஸ்டர் பதிவு இல்லாமப் பாப்பாங்க. டாக்டர்ட்டயும் பேசுறேன். வாங்க.”

“மூத்தவ நர்சிங் ரெண்டாவது வருசம் தம்பி. இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டன்னா போதும். அப்பறம் அவளே நமக்கு ஊசி போட்டுருவா.” அதைச் சொல்லும்போது குரலில் பெருமை. “இப்பப் போயி, சீக்குன்னு முத்திர குத்தி அனுப்பிட்டாங்கன்னா, எந்தக் கம்பெனி திரும்ப எடுப்பான்?”

பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன், இத்தனை மாதமாக எனக்குப் புரியாததை. “மேல்மாடில வேலை செய்றவங்களுக்குத்தான் அதிகமா வருதுண்ணே. ஏன்னு தெரியல.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்ற பார்வை.

“கக்கூஸ் கீழ இருக்கு தம்பி.”

“அதுக்கு?”

“தண்ணி குடிச்சா எறங்கணும். சாமான் ஏத்துற ஹாய்ஸ்ட்டு எங்களுக்கு நிக்காது, படியிலதான் போவணும். எறங்கி ஏறிட்டு வந்தா அரை மணி. ஃபோர்மேன் பேரெழுதுவான். அதனால காலையில ஏறுறப்ப வாயை நனைச்சுக்கிட்டு ஏறுறது, மதியம் எறங்குறப்ப குடிக்கிறது. பள்ளம் வெட்டுறவனுக்கு என்னா, அப்பிடி ஓரமாப் போயிட்டு வந்துருவான்.”

நூறு வருடத்துக்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர் கொன்றது. இங்கே குடிக்காத தண்ணீர். வரைபடம் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. யாராவது ஒருவரிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

சிஸ்டரின் பெயரைச் சொல்லி, கெஞ்சி, கடைசியில் அவரை அழைத்துப்போனேன். பதிவேட்டில் ஏற்றாமல் ரத்தம் எடுத்தோம். இரண்டு நாள் கழித்து வந்த காகிதத்தைப் பார்த்ததும் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு சிறுநீரகமும் போய்க்கொண்டிருந்தன. இனி மறைக்க வழியில்லை. மறைத்தால் ஆளே போய்விடுவார்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் டயாலிசிஸ் என்றதும் கம்பெனியில் முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. நடக்கிற நிலைக்கு வந்ததும் கேன்சல், டிக்கெட், விமான நிலையம். நானே கொண்டுபோய் விட்டேன். செருப்புப் போட்டிருந்தார். “ஷூவ ரூம்லயே வச்சிட்டேன் தம்பி, எவனாச்சும் போட்டுக்கட்டும்” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தண்ணீர் விஷயத்தை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். இந்த முறை ஒரு பெயரும் இல்லாமல், மாடி எண்கள் மட்டும். பலமுறை நடையாய் நடந்த பிறகு ஐந்து மாடிக்கு ஒரு கழிப்பறை வைத்தார்கள். பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். டவர் அதற்குள் பாதிக்கு மேல் எழும்பியிருந்தது.

கட்டம் இல்லாதவர்கள்

வருடக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று. தயாரித்தது நான்தான். கடைசி ஆறு மாதத்தில் கேம்ப்பில் இறந்தவர்கள்: ஒருவரும் இல்லை. பொய் எதுவும் எழுதவில்லை. கேம்ப்பில் யாரும் இறக்கவில்லை.

அறிக்கை போய்ச் சேர்ந்த சில நாளில் பதினாறாம் நம்பர் அறைக்குப் போன் வந்தது. காத்தமுத்து ஊரில் இறந்துவிட்டார். வீட்டிலிருந்து டயாலிசிஸுக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவர், ஒருநாள் போகவில்லையாம்.

பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவர் எங்கள் ஆள் இல்லை, விசா முடிந்துவிட்டது. ஊரிலோ அவர் சிறுநீரகக் கோளாறில் வீட்டில் இறந்த ஒருவர். அந்தக் காரணத்தின் பின்னால் ஒரு டவரும், ஒரு படிக்கட்டும், ஒரு கிளார்க்கின் பட்டியலும் இருப்பது அங்கே யாருக்குத் தெரியும்? நோயாளிகளைச் சீக்கிரம் சீக்கிரமாக அனுப்பிவிடும் கேம்ப்தான் காகிதத்தில் மிக ஆரோக்கியமான கேம்ப். இதை நான் பாடமாகப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

நான் எண்ண வேண்டியது இங்கே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கேன்சல் ஆகிப் போனவர்களின் பழைய பைல்கள் ஸ்டோர் ரூமில் கிடந்தன. சிஸ்டர் காவலுக்குக் கதவருகே நின்றுகொண்டார். நான் தமிழ்நாட்டு முகவரிகளை மட்டும் எழுதிக்கொண்டேன். பதினொன்று தேறியது. பெரம்பலூர், அரியலூர், ராமநாதபுரம், கடலூர். பதினொருவரிலிருந்து எந்த விகிதமும் வராது. அது எனக்குத் தெரியும்.

முதலில் காத்தமுத்துவின் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி பூங்கொடி எடுத்தார். நான் யார், அந்தப் பட்டியலை யார் போட்டது என்பதையும் சொன்னேன். மறுமுனையில் டிவியோ ரேடியோவோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“அவரு சொன்னாரு” என்றார். “திருச்சித் தம்பின்னு சொல்லுவாரு.”

லீவில் வருகிறேன், அவர் எப்படி இருந்தார், என்ன சொன்னார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன். பயப்பட வேண்டாம், பெயர், ஊர் எதையும் எங்கும் போட மாட்டேன் என்றும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். பட்ட பாடு அப்படி.

“ஏன் போட மாட்டீங்க?” என்றார்.

“இல்லம்மா, அன்னிக்கு…” என்று இழுத்தேன்.

“உசுரோட இருந்தப்ப பேரு போட்டீங்க. வேல போச்சு. இப்ப யாரு வந்து அவர என்ன பண்ணிருவாங்க? போடுறதா இருந்தா முழுப் பேரையும் போடுங்க. இல்லன்னா வராதீங்க.”

இந்தத் தொடரில் எல்லாருடைய பெயர்களையும் மாற்றித்தான் எழுதிவருகிறேன். சிஸ்டர், மேனேஜர் எல்லாமே வேறு பெயர்கள். ஒருவருடையதை மட்டும் மாற்றவில்லை.

லீவு அடுத்த மாதம் முதல் வாரம். திருச்சியில் இறங்கியதும் அரியலூர் பஸ். புதிய நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன், இந்த முறை கட்டங்கள் போடவில்லை. பதினொரு வீட்டிலும் முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்பது, பெயரைப் போடலாமா என்று அவர்களிடமே கேட்பது, அதன்பிறகு எழுதுவது. சில வீடுகளில் கதவே திறக்காமல் போகலாம். அதையும் எழுத வேண்டும்.